மொட்டைப் பனையையும் விடமாட்டீர்களா?

கூட்டுக்குள் இருக்கிற கிளி "அக்கா, சாப்பிட்டியா" என்று கேட்கிறதாம். வீடியோ எடுத்து எனக்கும் அனுப்புகிறீர்கள். அந்தக் கிளி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? அதற்கு ஒரு தாய் இருந்ததா, தகப்பன் இருந்ததா, எந்த மரத்துப் பொந்தில் கண் திறந்தது, அந்த மரம் இன்றைக்கு நிற்கிறதா, ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். கேட்டால் சிரிக்க முடியாது.

நான் கேட்கிறேன். ஈச்சிலம்பற்றில் இருந்து கேட்கிறேன். சொந்தத்துக்குள் என்னத்துக்குச் சண்டை, ஒரு பறவைக்காக ஊரோடு பகையா என்று இத்தனை காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இந்த மாசியில் வெருகல் ஆற்றங்கரை மருத மரத்துக்கும் ஏணி வந்துவிட்டது. இனிப் பொத்திக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

எங்கட ஊர் திருகோணமலை மாவட்டத்தின் தெற்குக் கரையில் கிடக்கிறது. மூதூருக்கும் அங்கால். சேருவிலவுக்குக் கிழக்கே. வெருகல் ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும், கதிரவெளி, வாகரை. மகாவலி கடலுக்கு வருகிற வழியில் பிரிகிற ஒரு கிளைதான் எங்கட ஆறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவில் வயலும் சேனையும் பனையும். பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? செய்தியில் கேட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு பூட்டப்பட்டது, அதன் பின்னால் போர் வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓடினோம். அந்த வருசம் நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்ததே, அங்கே தங்கியிருந்தவர்கள் யார்? மூதூர் கிழக்கு ஆக்களும் எங்கட ஈச்சிலம்பற்று ஆக்களும்தான். என் மனுசனை வாகரை மணலில் வைத்துவிட்டு வந்தோம். எந்த இடம் என்று கேட்டால் இன்றைக்குக் காட்ட ஒரு அடையாளம் இல்லை. எந்தப் பக்கத்து ஷெல் என்று கேட்காதீர்கள். அதற்கு நான் சொல்கிற பதில் உங்களில் பாதிப்பேருக்குப் பிடிக்காது, மற்றப் பாதிப்பேருக்கு இனித்துவிடும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

2007இல் கொண்டுவந்து விட்டார்கள். மீள்குடியேற்றம் என்று பேர். வளவு இருந்தது, வீடு இல்லை. கூரைத் தகரம், கதவு நிலை, கிணற்றுக் கப்பி, ஒன்றும் இல்லை. அம்மி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. பனைகள் நின்றன. ஆனால் வட்டு இல்லை. ஷெல்லில் தலை போய், கறுத்த கம்பம் கம்பமாக மொட்டையாய் நின்றன. என் மனுசனின்ட தகப்பன் கொட்டை ஊன்றி முளைத்த பனைகள். ஒடியலும் பினாட்டும் தந்து எங்களை வளர்த்த பனைகள். ஓலை இல்லை, நுங்கு இல்லை, இனி ஒரு காலத்திலும் துளிர்க்காது. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தானே. அது போனால் போனதுதான்.

வெட்டித் தள்ளுங்கள், பார்க்கவே நெஞ்சு அடைக்கிறது என்று அப்போது பலர் சொன்னார்கள். வெட்டக் காசில்லை. அதனால் நின்றன.

பிறகு ஒரு மரங்கொத்தி வந்தது. உச்சியிலிருந்து மழைத்தண்ணி இறங்கிப் பனையின் உள்சோறு உக்கத் தொடங்கியிருந்தது. வெளிவைரம் இரும்பு மாதிரி நிற்கும், உள்ளே கோறையாகிக்கொண்டு வரும். பட்ட பனையின் குணம் அது. மரங்கொத்தி கொத்தின ஓட்டையைப் பார்த்து ஒரு தை மாதத்தில் கிளி வந்தது. ஒரு சோடி. ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாய் வளையம், பெண்ணுக்கு அது இல்லை. அந்த வளையம் ஆணுக்கும் பிறக்கும்போதே வருவதில்லை, மூன்று வயதாகவேண்டும் என்று பிறகு என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள்.

கிளிக்குப் பொந்து குடையத் தெரியாது. இதை ஒருக்கால் நன்றாகக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகிற அநியாயம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. அந்தச் சொண்டு விதையை உடைக்க வந்த சொண்டு. பச்சை மரத்தைக் குடைந்து வீடு எடுக்கிற சொண்டு இல்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுப்போன ஓட்டையைத்தான் அது அரித்து, கடித்து, தன் உடம்புக்கு அளவாக்கும். இல்லையென்றால் மரம் தானாக உக்கி ஒரு பொந்து வரவேண்டும், அதற்கு ஒரு மனிதரின் ஆயுள் போதாது. அதே பொந்துக்கு மைனாவும் போட்டி, ஆந்தையும் போட்டி. பொந்து கிடைக்காத சோடிக்கு அந்த வருசம் குடும்பம் இல்லை.

அந்தச் சோடியைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அந்த வளவில் குடியிருக்கப் பழகினேன். பெண் முட்டையில் இருந்தால் மூன்று கிழமைக்கு மேல் பொந்தை விட்டு அசையாது. ஆண் வயல் பக்கமிருந்து கத்திக்கொண்டு வரும். வந்த உடனே பொந்துக்குப் போகாது, மொட்டை உச்சியில் இருந்து நாலு பக்கமும் பார்க்கும், பருந்து இருக்கிறதா, ஆள் இருக்கிறதா. பிறகு மெல்ல இறங்கி வரும். பெண் தலையை மட்டும் வெளியே நீட்டும். ஆண் தலையை மேலும் கீழும் அசைத்து அசைத்துத் தொண்டைக்குள் இருக்கிற இரையை மேலே எடுத்து அதன் வாய்க்குள் வைக்கும். எத்தனை மென்மையாக! சோளன் கதிரைப் பிய்த்து எறிகிற அதே சொண்டா இது என்று இருக்கும். குஞ்சு பொரித்தால் முதலில் சத்தம் கேட்காது. மயிரில்லாமல், கண் திறக்காமல் கிடக்கும். நாள் போகப்போகப் பனையில் காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். என் சின்ன மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையோடு போய்ப் பனையில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். தகப்பன் இல்லாத பிள்ளை. மாதக்கணக்காகச் சிரிக்காமல் இருந்த பிள்ளை. அவன் அந்தப் பனையில் காதை வைத்துச் சிரித்ததை நான் கண்டேன். அதற்கு என்ன விலை போடுவீர்கள் நீங்கள்?

பின்நேரத்தில் ஊர்க்கிளி எல்லாம் சேர்ந்து ஆற்றங்கரைக்குப் படுக்கப் போகும். வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு போகும். சிறிய வளையக்கிளியோடு பெருங்கிளியும் போகும், தோளில் சிவப்புப் பட்டையோடு. படுக்கை மரத்தில் இருட்டுமட்டும் ஒரே வாய்ச்சண்டை, இடத்துக்கு. பிறகு சட்டென்று அடங்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊரில் எங்களுக்கு முதலில் வந்த அயலட்டை அவைதான்.

வீடு கட்டவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும். உதவி தந்தவர்கள் பாதி வீட்டோடு நின்றுகொண்டார்கள். நான் குவைத்துக்குப் போனேன். எங்கட பகுதியில் எத்தனை தாய்மார் அப்படிப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வளவையும் பிள்ளைகளையும் என் மச்சாளிடம் விட்டேன். அவளின்ட மகன், என் மருமகன், மட்டக்களப்புக் கூடார முகாமில் என் சாரிக்குள் படுத்து எழும்பின பொடியன், வளவைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பினேன்.

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் ஒரு வெள்ளைக் கிளி இருந்தது. காக்கட்டூ என்பார்கள். கோழி அளவு, தூய வெள்ளை. திடுக்கிட்டால் தலையில் ஒரு கொண்டை குடை விரித்த மாதிரி எழும்பும். முதல் நாள் பார்த்தபோது என்ன வடிவு என்று நினைத்தேன். கிட்டப் போனேன். நெஞ்சில் இறகு இல்லை. ரோசாத் தோல் கோழித்தோலாய்ப் புடைத்துக்கொண்டு கிடந்தது. நோயா என்று கேட்டேன். இல்லையாம். தன் இறகைத் தானே பிடுங்குகிறதாம். என் கண்முன்னால் பிடுங்கியது. ஒரு இறகைச் சொண்டால் பிடித்து, இழுத்து, பார்த்து, கீழே போட்டது. அவசரமில்லாமல். கோபமில்லாமல். கம்பியின் கீழே ஒவ்வொரு காலையும் வெள்ளைத் தூளும் இறகும் நான்தான் கூட்டி அள்ளினேன்.

அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஒருநாள் டப்லெட்டில் அதன் ஊரைக் காட்டினாள். இந்தோனேசியாவில் ஹல்மஹேரா என்று ஒரு தீவு. இந்த வெள்ளைக்கிளியின் சொந்தக் காடு அந்தத் தீவும் அதைச் சுற்றியிருக்கிற சில தீவுகளும்தான், உலகத்தில் வேறெங்கும் இல்லை. அங்கே அது உயர்ந்த மரங்களின் பொந்தில் சோடியாகக் குடியிருக்கும். இரண்டு முட்டை இடும், தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். பின்நேரத்தில் கூட்டம் கூடிக் காடே அதிரக் கத்தும். பெரிய மரங்களைப் பலகைக்காக வெட்டினார்கள், கிளியைக் கூட்டுக்காகப் பிடித்தார்கள், இப்போது அது அழியும் நிலையில் இருக்கிற பறவைகளின் பட்டியலில் நிற்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கொண்டைக்கிளிக்கு நடந்ததைக் கேட்டால் சோறு இறங்காது. 2015 மே மாதம் சுரபாயா துறைமுகத்தில் பொலிஸ் பிடித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட கிளிகள் தண்ணீர்ப் போத்தலுக்குள் இருந்தன. வெறும் பிளாஸ்ரிக் போத்தல். உயிரோடு திணித்து. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுதுவிட்டு எத்தனை பேர் கூட்டைத் திறந்தார்கள்?

அந்த வெள்ளைக்கிளி என் பேரைக் கற்றுக்கொண்டது. வீட்டுக்கார மடம் என்னைக் கூப்பிடுகிற அதே குரலில், அதே அதட்டலில், விடிய முன்னமே என் பேரைச் சொல்லிக் கத்தும். நான் ஈரக் கையோடு ஓடி வருவேன். மடம் படுத்திருப்பா. கிளி தலையைச் சரித்து என்னைப் பார்க்கும். வீட்டில் எல்லாருக்கும் அது சிரிப்பு. வீடியோ எடுத்தார்கள். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி எடுத்தார்கள்.

இப்போது விளங்குகிறதா, உங்கட வீடியோவைப் பார்த்து நான் ஏன் சிரிக்கவில்லை என்று?

காட்டில் கிளி மனிசர் பேச்சுப் பேசாது. அதற்கு அங்கே தேவையில்லை. பறக்கும்போதும் மேயும்போதும் ஒன்றையொன்று குரலால் பிடித்துக்கொண்டு திரிகிற சாதி அது. நான் இங்கே, நீ எங்கே என்பதுதான் அந்தக் கத்தலின் பொருள். தன் கூட்டத்துக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் குஞ்சு பழகும். அந்தக் கூட்டத்திலிருந்து அதைப் பிடுங்கினால், முன்னால் நிற்கிற உங்கட குரலைப் பிடித்துக்கொள்கிறது. நீ எங்கே என்று கேட்க அதற்கு வேறு ஆள் இல்லை. தனித்துப்போன ஒரு உயிர் கூப்பிடுகிறது, நீங்கள் அதைக் கெட்டித்தனம் என்கிறீர்கள். நானும் அந்த வீட்டில் என் மொழியில் பேச ஆளில்லாமல் இருந்தவள். என் பாஸ்போட் என் கையில் இருக்கவில்லை. அந்தக் கிளிக்கும் எனக்கும் இருந்த ஒற்றுமையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு வந்தேன். ஒரு பனைதான் நின்றது.

மற்றதெல்லாம் அடிக்கட்டை. மெசின் வைத்து அறுத்த வட்டம், மண்ணோடு மண்ணாக. புயலா என்று கேட்டேன். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வளவுக் கிழவிதான் சொன்னா, "பிள்ளை, குஞ்சுக்கு வெட்டினவங்கள்."

குஞ்சுக்கு! பட்ட பனையில் ஏறப் பயம். உக்கின மரம், எந்த நேரம் முறியும் என்று தெரியாது. அதனால் ஏறமாட்டார்கள். சாய்ப்பார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து மரம் நிலத்தில் அடிக்கும்போது உள்ளே இருக்கிற குஞ்சில் பாதி செத்துவிடும். முட்டையாக இருந்தால் அதோடு சரி. தப்பினதை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். A15 வீதி காப்பெட் போட்டு, துறைகளுக்குப் பாலம் வந்த பிறகு எங்கட ஊருக்கு எல்லாம் வந்தது. பஸ் வந்தது, மீன் லொறி வந்தது, மண் ஏற்ற டிப்பர் வந்தது. தையிலும் மாசியிலும் காட்போட் பெட்டியோடு சின்ன வானும் வந்தது. யாருடைய வான் என்று சொல்லமாட்டேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மிஞ்சின அந்த ஒரு பனையை நான் காவல் காத்தேன். அடுத்த மாசியில் ஒருநாள் மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். வளவுக்குள் வெளிச்சம் கூடிக் கிடந்தது. ஏன் இப்படி வெளிக்கிறது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"யார் சொல்லி வெட்டினாய் மருமகன்?"

"பட்ட மரம்தானே மாமி. எப்பிடியும் விழுந்திருக்கும். பிள்ளைகளின்ட தலையில விழுந்தா என்ன செய்யிற?"

"குஞ்சுகள் எங்க?"

நிலத்தைப் பார்த்தான். "கேட்ட ஆக்களுக்குக் குடுத்திட்டன்."

"எவ்வளவுக்கு?"

சொன்னான். ஒரு உரமூட்டை வாங்கக் காணாது. அதற்குத்தான். என் மாமனார் ஊன்றின பனை, ஷெல் விழுந்தும் விழாத பனை, என் மகன் காதை வைத்துச் சிரித்த பனை, ஒரு உரமூட்டைக்குக் கீழே போனது.

பின்நேரம் அந்தச் சோடி வந்தது. பொந்து இருந்த உயரத்துக்கே வந்தது. அந்த வெறும் காற்றில் வட்டமடித்தது, வட்டமடித்தது, இறங்க இடம் இல்லை. ஆண் கத்தியது. தொண்டையில் இரை இருந்திருக்கும். யாருக்குக் கொடுக்கும்? நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2007இல் நாங்கள் வந்து நின்ற அதே முற்றம். வீடு இருந்த இடம் தெரிகிறது, வீட்டைக் காணவில்லை. எனக்கு நடந்ததை என் கண்ணுக்கு முன்னால் திருப்பிச் செய்துவிட்டார்கள், என் சொந்தக் கையால் சோறு தின்றவர்கள்.

மருமகனே, உன்னைக் கேட்கிறேன். முகாமில் இருட்டில் "மாமி, வீட்ட போவம்" என்று அழுதவன் நீ. வீடு இல்லாமல் போவது என்னவென்று உனக்குத் தெரியாதா? தெரியாதவன் செய்தால் பொறுக்கலாம். நீ எப்படிச் செய்தாய்?

குஞ்சை எடுத்தால்கூட அந்தப் பாவம் ஒரு வருசத்தோடு போகும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தையில் அதே சோடி அதே பொந்துக்கு வரும், திரும்ப முட்டை இடும். நீங்கள் பொந்தை அல்லவா எடுத்தீர்கள்? இந்த வருசக் குஞ்சையும், வருகிற வருசக் குஞ்சையும், இனிப் பிறக்கவேண்டிய அத்தனை குஞ்சையும் ஒரே அறுவையில் அறுத்தீர்கள். இன்னொரு பனை வளர்ந்து, முதிர்ந்து, பட்டு, உக்கி, பொந்தாகி வர எத்தனை தலைமுறை? ஷெல் எங்களுக்குச் செய்ததில் ஒரே ஒரு நல்லது அந்தப் பொந்துகள். அதுவும் நாங்கள் கேட்டு வாங்கினது இல்லை. அதைக்கூட விட்டுவைக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

வயலுக்குக் கிளி சத்துருதானே என்று ஒருவர் சொன்னார். ஓம், சத்துருதான். கதிர் பால் பிடிக்கிற நேரம் கூட்டமாக வந்து இறங்கினால் வயிறு எரியும். தின்கிறதைவிடச் சிந்துகிறது கூட. நானும் பரணில் இருந்து தகரம் தட்டினவள், தொண்டை கிழியக் கூவினவள், சோளன் சேனையில் விடியவிடிய நின்றவள். அது சண்டை. அது வரும், நான் விரட்டுவேன், அது போகும், திரும்ப வரும். கண் திறக்காத குஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் போடுவது சண்டையா? எந்த வயலை அந்தக் குஞ்சு தின்றது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1937ஆம் ஆண்டிலிருந்து காட்டு உயிர்களுக்கென்று இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. காட்டிலிருந்து பெருங்கிளியைப் பிடித்து விற்பது குற்றம். சர்வதேச வியாபாரத்துக்கும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. பெருங்கிளி பேசுவதில் கெட்டி, அதனால்தான் அதற்கு விலை கூட. அலெக்சாண்டர் அரசனின் பேரை வெள்ளைக்காரர் அதற்கு வைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அரசனின் பேர், உரப்பையில் பயணம்.

சட்டத்தை நம்பி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கதிரை தந்தார். "அம்மா, யானை வந்து வீட்டை உடைக்குது, அதுக்கே அனுப்ப எங்களிட்ட ஆள் இல்ல. நீங்க கிளிக்கு வந்திருக்கிறீங்க." பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். யானையின் பாரம் எனக்கும் தெரியும், எங்கட வேலியையும் அது சாய்த்திருக்கிறது. ஆனால் ஐயா, யானைக்கு ஆள் இல்லை, கிளிக்கு ஆள் இல்லை, மண் அள்ளுகிற டிப்பருக்கு ஆள் இல்லை, ஆற்றங்கரை மரத்துக்கு ஆள் இல்லை. வான்காரனுக்கு மட்டும் எங்கட ஊரின் ஒவ்வொரு பொந்துக்கும் கணக்குச் சொல்ல ஆள் எப்படிக் கிடைக்கிறது?

அங்கிருந்து நடந்து வருகிறபோது ஒரு கடை வாசலில் கூடு தொங்கியது. உள்ளே ஒரு பெருங்கிளிக் குஞ்சு, வால் இன்னும் முளைத்து முடியவில்லை. யாரோ சோறும் மிளகாயும் வைத்திருந்தார்கள். அது கம்பியைச் சொண்டால் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. பொந்தின் வாயை அரிக்கிற அதே இழுவை.

கடைசியில் குற்றம் மருமகனோடும் வான்காரனோடும் முடியவில்லை. அவர்கள் வறுமையைச் சொல்வார்கள், அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. உங்களுக்கு என்ன வறுமை? வாங்குகிறவர்களைக் கேட்கிறேன். லீவில் வந்து பிள்ளைக்கு விளையாட்டுக்காட்ட வாங்குகிறவர்களே, கடை வாசலில் தொங்கவிடுகிறவர்களே, ஹொட்டேல் முற்றத்தில் அலங்காரத்துக்கு வைக்கிறவர்களே, உங்கட காசு வந்துதானே அந்த மெசின் ஓடியது? ஆசையாக வளர்க்கிறோம், பழம் கொடுக்கிறோம், பிள்ளை மாதிரிப் பார்க்கிறோம் என்கிறீர்கள். பிள்ளையையா பறக்க விடாமல் கம்பிக்குள் வைப்பீர்கள்? எங்கட ஊரில் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களும் நல்லதுக்குத்தான் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நிற்கிற தாய்மார் இந்தக் கிழக்கில் இருக்கிறார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு இன்னொரு தாயின் பொந்துக்குள் கைவிட உங்களுக்குக் கூசவில்லையா?

அவுஸ்திரேலியாவில் இருக்கிற என் பெறாமகள் போனில் கதைக்கும்போது சொல்வாள், சிட்னியில் வெள்ளைக் காக்கட்டூக்கள் தெருத்தெருவாகத் திரிகின்றனவாம். மஞ்சள் கொண்டை. குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கித் திறக்க ஒன்று கற்றதாம், அதைப் பார்த்து மற்றது கற்றதாம், அப்படியே ஊர் ஊராகப் பரவியதாம். ஆராய்ச்சிக்காரர் பின்னால் திரிந்து எழுதி, 2021இல் பெரிய விஞ்ஞானச் சஞ்சிகையில் வந்ததாம். கூட்டம் நிலத்தில் மேயும்போது சிலது மரத்தில் இருந்து காவல் பார்க்குமாம், ஆபத்தென்றால் கத்துமாம். சனங்களுக்கு எரிச்சல். குப்பையைக் கொட்டுகிறது, பலகையைக் கடிக்கிறது. ஆனாலும் தொட்டி மூடியில் கல்லை வைக்கிறார்களே தவிர மரத்தை வெட்டிக் குஞ்சை எடுக்கவில்லை. லண்டனிலும் எங்கட வளையக்கிளியின் சாதி பறக்கிறது, ஆசியாவிலிருந்து கூட்டில் கொண்டுபோனதுகள் தப்பிப் பெருகினது. அங்கே இருக்கிற எங்கட சனம் பூங்காவில் அதைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்து படம் போடுகிறது. ஊரிலிருக்கிற கிளியின் நிலையை அவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன். ஊரில் பொந்து இல்லை.

பனை போயிற்று. இனி மிஞ்சினது ஆற்றங்கரை. வெருகல் ஆற்றோரத்து மருதுகள் பழைய மரங்கள், வெள்ளம் எத்தனை வந்தும் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. 2025 நவம்பர் கடைசியில் மாவிலாற்றுக் கட்டு உடைந்து தண்ணி ஊரை மூடியபோது அந்த மரங்கள் நின்றன. அவற்றின் பொந்துகளில்தான் இப்போது பெருங்கிளி இருக்கிறது. இந்த மாசியில் அங்கே சாய்த்து வைத்திருந்த ஏணியை நான் என் கண்ணால் கண்டேன். பெரிய மரம், அறுக்கப் பயம், அதனால் ஏணி. நாளைக்குத் துணிவு வந்தால் மெசின் வரும்.

வளவில் பட்ட பனை நிற்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், வீட்டுக்கு மேலே சாயாத மரமென்றால் அதை நிற்கவிடுங்கள். குஞ்சு வேண்டுமா என்று கேட்டு வருகிறவனுக்கு வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுங்கள், வாங்க ஆளில்லாவிட்டால் வானும் வராது. ஏற்கெனவே கூட்டில் வைத்திருப்பவர்கள் இதை வாசித்த சூட்டில் கதவைத் திறந்து விட்டுவிடவும் வேண்டாம், குஞ்சிலிருந்து கையில் தின்ற பறவைக்கு இரை தேடத் தெரியாது, முதல் நாளே காகம் கொத்திவிடும். அதைப் பொறுப்பான ஆக்களிடம் ஒப்படையுங்கள். இன்னொன்று வாங்காதீர்கள்.

ஆற்றங்கரை மருதில் இப்போது குஞ்சு இருக்கிறது. தகப்பன் கிளி விடிய ஒருக்கால், பொழுதுபட ஒருக்கால் இரையோடு வருவதை ஊரில் யாரும் போய்ப் பார்க்கலாம். பங்குனி முடிய அவை தாமாகவே பறந்துவிடும். ஏணி வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், நான் எழுதுவது அவருக்கும் போய்ச்சேரும். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.